சிம்மில் நிற்காத வண்டி

இந்த முறை அடுக்களையை விட்டு வாசலுக்கு வருகிறேன், சகோதரிகளே! வாசலில் நிற்கிற மோட்டார் சைக்கிளைப் பற்றித்தான் பேச்சு. "அதெல்லாம் ஆம்பிளைங்க சமாச்சாரம்" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து போகிறவர்கள் நாம்தானே? நாலு ரோட்டில் வண்டி பொசுக்கென்று நின்றால், பின்னால் வருகிற லாரிக்கு ஆம்பிளை சமாச்சாரம், பொம்பிளை சமாச்சாரம் என்றெல்லாம் தெரியுமா?

எனக்கு இந்த ஞானம் பிறந்த வீட்டுச் சீதனம். பெரியண்ணன் வண்டிப் பட்டறை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானச் சோறு கொண்டு போனால், தூக்குப்போசி காலியாகும் வரை அங்கேதான் உட்கார்ந்திருப்பேன். கேட்டுக் கேட்டே பாதி தெரிந்துவிட்டது.

எங்கள் வீட்டுக்காரருக்குப் பெருந்துறை பக்கம் ஆலையில் வேலை. ராத்திரி ஷிப்ட் முடித்து மெயின் ரோட்டில்தான் வர வேண்டும். போன மழைக்காலத்தில், வேகத்தைக் குறைத்தாலே வண்டி நின்றுபோக ஆரம்பித்தது. ஒரு மெக்கானிக்கிடம் விட்டோம். "கிளட்ச் பிளேட் போயிருச்சுங்க, ரெண்டாயிரத்து ஐந்நூறு ஆகும்" என்றார். மாசக் கடைசி! "ஏனுங்க, பணத்தைக் கொடுக்கறதுக்கு முன்னால நாமளே ஒருக்காப் பாத்துரலாமுங்க" என்றேன். அவர் சிரித்தார். ஆனாலும் வண்டியை வெளியே இறக்கினார்.

வண்டி நின்றுபோவதற்கு இரண்டு இடங்களில் காரணம் இருக்கலாம். ஒன்று, ஆக்ஸிலேட்டரை விட்டதும் இன்ஜின் தானாக மெதுவாக ஓட வேண்டுமே, அந்த 'ஸ்லோ ஸ்பீடு'. நம் கேஸ் அடுப்பைச் சிம்மில் வைப்பது மாதிரி. மற்றது கிளட்ச். எது என்று கண்டுபிடிப்பது சுலபம். இன்ஜின் சூடானதும் நியூட்ரலில் விட்டுவிட்டு, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் இரண்டு நிமிஷம் பாருங்கள். அணைந்துபோனால் ஸ்லோ ஸ்பீடு கோளாறு. நியூட்ரலில் நன்றாக ஓடி, கிளட்ச்சை முழுதாகப் பிடித்து முதல் கியர் போட்டதும் அணைந்தால், அல்லது பிடித்திருக்கும்போதே வண்டி முன்னால் இழுத்தால், கிளட்ச் சரியாக விடுபடவில்லை என்று அர்த்தம். (சைடு ஸ்டாண்டை எடுத்துவிட்டுப் பாருங்கள். இப்போது வருகிற வண்டிகளில் ஸ்டாண்டு போட்டபடி கியர் போட்டால் இன்ஜின் தானே அணைந்துவிடும். என் அண்ணன் மகன் புது வண்டி வாங்கிய மறுநாளே இதற்காகக் கம்பெனிக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தான்!)

இந்தச் சோதனையைத் திறந்த வெளியில் மட்டும் செய்யச் சொல்லுங்கள். கதவைச் சாத்திய போர்டிகோவிலோ, ஜன்னலுக்கு அடியிலோ வேண்டவே வேண்டாம். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. மூடிய இடத்தில் சேர்ந்தால் ஆளையே கொல்லும். உள்ளே தொட்டிலில் குழந்தை தூங்குகிற வீடுகளில் ரொம்ப ஜாக்கிரதை. தவழுகிற, தத்தி நடக்கிற குழந்தையைச் சைலன்சர் பக்கம் விடாதீர்கள். வண்டியை அணைத்த பிறகும் அது வெகுநேரம் கொதிக்கும்.

எங்கள் வண்டி நியூட்ரலில் அழகாக ஓடியது. கியர் போட்டதும் பொட்டென்று நின்றது. ஆக, கிளட்ச் பக்கம்தான். ஆனால் பிளேட்தானா?

வெட் கிரைண்டரில் பெல்ட் தளர்ந்தால் என்ன ஆகும்? மோட்டார் ஓடும், கல் சுற்றாது. பிளேட் தேய்ந்த வண்டியும் அப்படித்தான். ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் இன்ஜின் அலறும், வண்டி நகராது. மேடு ஏறத் திணறும், கருகிய வாடை வரும், பெட்ரோலும் அதிகம் குடிக்கும். எங்கள் வண்டிக்கு இதில் ஒன்றும் இல்லை. அதன் குணம் இதற்கு நேர்மாறு. கிளட்ச் லீவரின் நுனியை விரலால் அசைத்துப் பார்த்தேன். பிடிப்பு விழுவதற்கு முன்னால் அது கொஞ்சம் சும்மா ஆட வேண்டும். பெரும்பாலான நூறு சி.சி. வண்டிகளுக்கு 10 முதல் 20 மில்லிமீட்டர், அதாவது சுமார் அரை அங்குலம். எங்களுடையதில் ஒரு அங்குலத்துக்கு மேலேயே ஆடியது. ஒயர் நீண்டுவிட்டிருக்கிறது! லீவரை முழுக்கப் பிடித்தாலும் பிளேட்டுகள் பிரியவில்லை.

அவர் ஸ்பானரால் லாக் நட்டைத் தளர்த்தி, அட்ஜஸ்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, அரை அங்குலத்துக்குக் கொண்டுவந்து மறுபடி இறுக்கினார். பைசா செலவில்லை. இதையும் அதிகமாக இறுக்கிவிடக் கூடாது. ஆட்டமே இல்லாவிட்டால் கிளட்ச் எப்போதும் பாதி பிடித்த மாதிரியே இருந்து, பிளேட் நிஜமாகவே தேய்ந்துபோகும். கிளட்ச் மேல் விரலை வைத்துக்கொண்டே ஓட்டுகிறவர்களுக்கும் இதே கதிதான். (நம் வீட்டிலும் ஒருவர் இருக்கிறார்!)

ஆயில் விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். இந்த வண்டிகளில் பெரும்பாலும் கிளட்ச் இன்ஜின் ஆயிலிலேயே ஊறிக் கிடக்கிறது. கார் ஆயில் சிலவற்றில் வழுக்குவதற்கென்றே மருந்து கலந்திருக்கும். அதை ஊற்றினால் கிளட்ச்சும் வழுக்கும். டப்பாவில் 'ஜாசோ எம்.ஏ.' என்று போட்டிருக்கிறதா பார்த்து வாங்குங்கள்.

ஸ்லோ ஸ்பீடு கோளாறு என்றால், முதலில் சோக் இழுத்தபடி கிடக்கிறதா பாருங்கள். காலையில் இழுத்துவிட்டு மறந்துபோனால் சூடானதும் திணறும், கறுப்புப் புகை விடும். ஏர் பில்டர் அழுக்கானாலும் மூச்சு முட்டும். ஊருக்குப் போய் ஒரு மாதம் நிறுத்தி வைத்த வண்டி, முறுக்கினால் ஓடுகிறது, விட்டால் அணைகிறது, சோக் போட்டால் மட்டும் நிற்கிறது என்றால், கார்புரேட்டரின் சின்ன ஜெட் அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். பர்னர் ஓட்டையில் பொங்கிய பால் காய்ந்து அடைப்பதில்லையா, அப்படி! அதைக் கழற்றிச் சுத்தம் செய்வது மெக்கானிக் வேலை. ஊசியால் நோண்ட விடாதீர்கள், துளை பெரிதாகிவிடும்.

அடைப்பு இல்லை, சும்மா வேகம்தான் குறைவு என்றால், சூடான இன்ஜினில் ஐட்லிங் திருகைச் சிறிது திருப்பினால் போதும். அளவுக்கு மீறி ஏற்றினால் கியர் போடும்போது 'டங்'கென்று இடிக்கும். ஹேண்டில்பாரைத் திருப்பும்போது சத்தம் ஏறினால், ஆக்ஸிலேட்டர் ஒயர் இழுபடுகிறது. அது ஆபத்து, உடனே பார்க்கச் சொல்லுங்கள்.

2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.6 விதிக்குப் பிறகான வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டர் கிடையாது. ஸ்லோ ஸ்பீடைக் கம்ப்யூட்டரே கவனித்துக்கொள்கிறது. அதில் கை வைக்க வேண்டாம். ஆனால் கிளட்ச் ஒயர் அதே பழைய ஒயர்தான். லீவர் பக்கம் அதன் இழைகள் பிரிந்து முள் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தால், அறுவதற்கு நாள் எண்ணுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாற்றும்போதே ஒன்று அதிகமாக வாங்கி, சீட்டுக்கு அடியில் டூல்ஸ் பையோடு சுருட்டி வைத்துவிடச் சொல்லுங்கள்.