2026 என்பதும் செல்லுபடியாகும் எண்தான்

2025 நவம்பர் 25இல் வெளியான எம்சிபி (மொழி மொடல்களை வெளிக்கருவிகளோடு இணைக்கும் நெறிமுறை) விவரக்குறிப்பில் நம் தொழிலை நேரே தொடுபவை இரண்டு. கருவிப் பெயருக்கு வரம்பு வந்திருக்கிறது: 128 எழுத்துக்குள், ஆங்கில எழுத்து, இலக்கம், அடிக்கோடு, சிறுகோடு, புள்ளி, அவ்வளவுதான். மற்றது, உள்ளீடு பிழைத்தால் அதை நெறிமுறைப் பிழையாக்கி அடைத்துவிடாமல் கருவியின் பதிலாகவே மொடலிடம் திருப்பித் தருவது. இரண்டும் பரிந்துரைகளே. ஆனாலும் சேவையகம் எழுதுவோர் இனித் தட்டிக்கழிக்க முடியாது.

பிழை பற்றிய விதியை முழுமனதோடு வரவேற்கிறோம். பிழைச்செய்தியும் ஆவணம்தான் என்பதை அது ஒப்புக்கொள்கிறது. ஆனால் அந்த விதியால் காப்பாற்ற முடியாத ஓர் இடம் உண்டு. நமது வட்டாரத்தில் அதுதான் பெரிய இடம்.

மானியப் பதிவைத் தேடும் ஒரு கருவியை எடுத்துக்கொள்வோம். வெல்லாவெளிக் கமக்காரர் ஒருவர் மாசி மாதம் கைப்பேசியில் கேட்கிறார்: “இந்தப் போகத்துப் பசளைக் காசுக்கு என்ர பேர் பதிஞ்சிருக்கா?” கருவியில் ‘ஆண்டு’ என்று ஓர் அளவுரு, வகை முழு எண், விவரணை ‘பதிவின் ஆண்டு’. நடப்பது 2026. மொடலை வைத்து இயங்கும் முகவர் 2026 என்றே அனுப்புகிறது. பதிவோ விதைத்த ஆண்டான 2025இன் கீழ் கிடக்கிறது. வெற்றுப் பட்டியல் வருகிறது. ஸ்கீமாவுக்குக் குறையில்லை, பிழைச்செய்தியும் இல்லை. “உங்கள் பெயரில் பதிவு எதுவும் இல்லை” என்று முகவர் மிகுந்த மரியாதையோடு சொல்லிவிடுகிறது. மனுசன் பேருந்தேறி அலுவலகத்துக்கு அலைய வேண்டியதுதான்.

மழையோடு விதைத்துத் தை, மாசியில் வெட்டும் பெரும்போகம் இரண்டு ஆண்டுகளில் கால் வைத்திருப்பது கமநல சேவை நிலையத்து எழுதுவினைஞர் எவருக்கும் தெரியும். விவரணைக்குத் தெரியாது. அளவுருவைச் சரமாக்கி, 2025/26 என்ற வடிவத்தைக் கட்டாயமாக்கிப் பாருங்கள். வெறும் 2026 வந்தால் சரிபார்ப்பிலேயே விழும். “பெரும்போகத்துக்கு விதைத்த ஆண்டையும் அறுவடை ஆண்டையும் சேர்த்து எழுதுக” என்ற பதில் மொடலுக்குப் போகும். அது தானே திருத்திக்கொண்டு மறுபடி கேட்கும். புதிய விதி அப்போதுதான் வேலை செய்கிறது. வெற்றுப் பட்டியலோடும் எந்தப் போகத்துக்கு, எந்தக் கண்டத்தில் (வயற்பகுதியில்) தேடினோம் என்பதைத் திருப்பி அனுப்புவது நல்லது.

கண்டம் என்றதும் இன்னொன்று. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் வீடும் மேற்கே படுவான்கரையில் வயலுமாக வாழ்வோர் இங்கு ஏராளம். குருமண்வெளித் துறையில் காலையில் நின்றாலே தெரியும். ‘இடம்’ என்ற ஒற்றைச் சொல்லோடு விட்ட அளவுருவில் முகவர் களுவாஞ்சிகுடி வீட்டு முகவரியைத்தான் போடும். பரப்பும் அப்படியே: நாலு ஏக்கர் என்று சொன்னது ஹெக்டேயர்ப் புலத்தில் 4 என்று விழுந்தால் கிட்டத்தட்ட பத்து ஏக்கர் ஆகிவிடும். அலகை அளவுருவின் பெயரிலேயே எழுதுங்கள்.

கருவிப் பெயரின் வரம்போடு நமக்குச் சண்டையில்லை. மனிதர் கண்ணுக்கான தலைப்புப் புலம் 2025 ஜூன் பதிப்பிலேயே வந்துவிட்டது, அதில் தாராளமாகத் தமிழ் எழுதலாம். விவரணை எந்த மொழியில் என்று குறிக்கத்தான் தனிப் புலம் நவம்பர் பதிப்பிலும் இல்லை. தமிழ் எழுத்து ஒவ்வொரு குறியீட்டுப் புள்ளிக்கும் யுடிஎப்-8இல் மூன்று பைட் எடுக்கும், டோக்கனும் கூடும். விவரணையோ உரையாடல் முழுக்கச் சூழலில் குந்தியிருப்பது. செலவு உண்மைதான். வாக்கியங்களை ஆங்கிலத்தில் எழுதுவோரை நாம் குறைசொல்லவில்லை. ஆனால் பெரும்போகம், சிறுபோகம், கண்டம், மானாவாரி என்று கமக்காரர் வாயில் வருபவை தமிழெழுத்திலேயே அதற்குள் இருக்கவேண்டும்.

அவற்றின் வரைவிலக்கணத்துக்கு எங்கே போவது? இங்கேதான் பொறுமை போகிறது. ஒரு திணைக்களத்திடம், அதன் படிவத்தின் புலங்கள் எவற்றைக் குறிக்கின்றன என்று தமிழில் கேட்டு எழுதினோம். பதில் சிங்களத்தில் வந்தது, அதிலும் விளக்கம் இல்லை, சுற்றறிக்கையைப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். சுற்றறிக்கையும் சிங்களம். 1987இன் 13ஆம் திருத்தத்திலிருந்து தமிழும் அரசகரும மொழி. அதைப் பார்த்துக்கொள்ள 1991இன் சட்டத்தால் ஓர் ஆணைக்குழுவும் உண்டு. மேடைதோறும் டிஜிட்டல் பொருளாதாரம் பேசுகிறார்கள். ஒரு படிவத்தின் பத்துப் பதினைந்து புலங்களுக்குத் தமிழில் இரண்டிரண்டு வரி எழுதித்தர ஆளில்லை. முன்பு அந்த இடைவெளியை மேசைக்குப் பின்னால் இருந்த ஒரு தமிழ் உத்தியோகத்தர் வாயால் நிரப்பினார். அவருடைய இடத்தில் முகவரை வைக்கப்போகிறவர்கள் அவருக்குத் தெரிந்ததை எழுதி வாங்கினார்களா? அவர் ஓய்வு பெற்றுப் போனபின் யாரிடம் கேட்பார்கள்?

நம் பக்கத்து வேலையை அதற்காக ஒத்திப்போட முடியாது. அடுத்த இதழின் மதிப்பாய்வுக்குச் சேவையகம் அனுப்புவோர் கருவிகளின் விவரணைகளையும் பிழைச்செய்திகளையும் முழு உரையாக இணையுங்கள். புலத்தின் பொருளை எந்தச் சுற்றறிக்கையிலிருந்து அல்லது எந்தப் பதவியிலுள்ளவரிடமிருந்து பெற்றீர்கள் என்பதையும் எழுதுங்கள். ஊகித்து எழுதிய இடங்களை ஊகம் என்றே குறியுங்கள். அந்தப் புலங்களை மட்டும் தொகுத்து, உரிய திணைக்களங்களுக்குத் தமிழிலேயே அனுப்பப்போகிறோம்.