பலகையில் இல்லாத பட்டம்

டெல்லி சர்தார் படேல் மார்கில் காந்தியின் தண்டி யாத்திரையைச் சித்திரிக்கும் பதினொரு உருவச் சிலை நிற்கிறது. சென்னை மெரினாவின் உழைப்பாளர் சிலையை வடித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் கைவண்ணம். அந்தச் சந்திப்பிலிருந்து ராஷ்டிரபதி பவன் வளாகத்தின் பின்புறமாக வளைந்து செல்லும் சாலைக்கு மதர் தெரசா கிரசென்ட் என்று பெயர். பெயர்ப் பலகையில் இந்தி, ஆங்கிலம், பஞ்சாபி, உருது என நான்கு மொழிகள். எதிலும் 'புனிதர்' என்ற சொல் இல்லை. வாடிகன் அவருக்கு அந்தப் பட்டத்தை அளித்தது 2016 செப்டம்பர் 4இல். டெல்லி அதுவரை காத்திருக்கவில்லை. 1997இல் அவர் மறைந்த பிறகு, பட்டம் வருவதற்கு வெகு முன்பே, சாலை அவர் பெயருக்கு மாறிவிட்டது.

அதற்கு முன் அது வில்லிங்டன் கிரசென்ட். 1977 தேர்தலில் தோற்ற இந்திரா காந்தி குடிபோனது இங்கே 12ஆம் எண் பங்களாவுக்குத்தான். வில்லிங்டன் தமிழர்களுக்கும் தெரிந்தவர். 1919 முதல் 1924 வரை சென்னை மாகாண கவர்னர், 1931 முதல் 1936 வரை வைஸ்ராய். ஒரு காலத்தில் தலைநகரில் திரும்பிய பக்கமெல்லாம் அவர் குடும்பப் பெயர்தான். பின்னர் விமான நிலையம் சப்தர்ஜங் ஆயிற்று. மருத்துவமனை ராம் மனோகர் லோகியா ஆயிற்று. மனைவி பெயரிலிருந்த பூங்கா லோதி தோட்டம் ஆயிற்று. சாலையும் அந்த வரிசையில் சேர்ந்தது.

ஆளவந்தவரின் இடத்தைப் பிடித்தவர் எந்த அரசுப் பதவியிலும் இருந்ததில்லை. 1910இல் ஸ்கோப்யே நகரில் பிறந்து, கல்கத்தாவுக்கு வந்து இந்தியக் குடிமகள் ஆனவர். 1979இல் நோபல் பரிசு, 1980இல் பாரத ரத்னா, இறுதியில் அரசு மரியாதையுடன் அடக்கம். அவரது இல்லங்களில் மருத்துவ வசதி போதாது, மதமாற்ற நோக்கம் உண்டு என்று விமர்சித்தவர்களும் உண்டு. ஆனால் நடைபாதையில் சாகக் கிடந்தவர்களை அவர் தூக்கிச் சென்றார்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. அப்படிப்பட்டவர்கள் இந்தச் சாலையில் இல்லை. ஒரு பக்கம் ஜனாதிபதி மாளிகை வளாகத்தின் மதில், காவல், வேகமாகப் பறக்கும் கார்கள். கந்தல் மூட்டையுடன் ஒருவர் இங்கே உட்கார்ந்தால் ஐந்து நிமிடம் தாங்காது. அவர்கள் படுப்பது காஷ்மீரி கேட் பக்கம், யமுனைக் கரையில், மேம்பாலங்களுக்கு அடியில். 2010 ஜனவரிக் குளிரில் அவர்களுக்கு இரவுத் தங்குமிடம் கொடுங்கள் என்று உச்ச நீதிமன்றமே உத்தரவிட வேண்டியிருந்தது. அன்னையின் கன்னியர் நடத்தும் குழந்தைகள் இல்லம் இருப்பதும் இங்கல்ல, வடக்கே சிவில் லைன்ஸில்.

பெயரும் பணியும் வேறு வேறு என்பதற்கு இன்னொரு சாட்சியும் உண்டு. 2021 கிறிஸ்துமஸ் அன்று, அவர் தொடங்கிய சபை வெளிநாட்டு நன்கொடை பெறுவதற்கான உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது மத்திய உள்துறை. பாதகமான தகவல்கள் கிடைத்ததாகக் காரணம் சொன்னது. இரண்டே வாரங்களில், 2022 ஜனவரியில், உரிமம் திரும்பக் கிடைத்தது. அந்த இடைவெளியில் பலகையை யாரும் தொடவில்லை. பலகைக்கு உரிமம் தேவையில்லை. அது யாருக்கும் சோறு போடுவதும் இல்லை.

சென்னையில் சாந்தோம் என்று சொல்லி பஸ் ஏறுகிறவர்களில் எத்தனை பேருக்கு அப்போஸ்தலர் தோமா நினைவுக்கு வருகிறார்? பெயர்கள் தேய்ந்து முகவரியாகிவிடுவது இயல்பு. மதர் தெரசா கிரசென்ட்டுக்கும் அந்த நாள் வரும். 'புனிதர்' என்று ஒரு சொல்லைச் சேர்த்து எழுதினால் அது தள்ளிப்போகாது. காஷ்மீரி கேட்டில் வரும் குளிர்காலத்துக்குள் இன்னும் சில நூறு பேருக்குக் கூரையும் கம்பளியும் கிடைத்தால் தள்ளிப்போகலாம். அதற்கான கோப்புகளில் கையெழுத்திடக்கூடியவர்கள் அந்தப் பலகையைக் கடந்துதான் போய் வருகிறார்கள்.