தராசுத் தட்டில் மின்சாரம்

சென்ற விடுமுறையில் ராத்தாவின் மகள் எங்கள் வீட்டில் நான்கு நாட்கள் தங்கியிருந்தாள். உயர்தர வகுப்பில் பௌதிகவியல் படிக்கிறாள். இராச் சாப்பாடு முடிந்ததும் கொப்பியை விரித்து, மீற்றர்ப் பாலத்தின் படத்தைப் பார்த்தபடி கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்துவிடுவாள்.

"சூத்திரம் பாடம் சாச்சி. ஆனா ஏன் இப்பிடிச் சுத்தி வளைச்சு அளக்கணும்? மீற்றர வச்சு நேரா அளந்தா என்ன?" என்று கேட்டாள்.

பரீட்சைக்குச் சூத்திரம் போதும் என்று அவள் வாயை அடைக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த வயதில் நானும் இதே கேள்வியை வைத்துக்கொண்டு, கேட்க வெட்கப்பட்டு மனனம் செய்தவள்தான்.

சகோதரிகளே, மின்சாரம் தண்ணீர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். தாங்கியின் உயரம் தருகின்ற தள்ளுவிசைதான் வோல்ற். குழாயில் ஓடுகின்ற நீரின் அளவு அம்பியர். குழாயின் ஒடுக்கம் தடை. அதை ஓமில் சொல்கிறோம். வோல்ற்றை அம்பியரால் வகுத்தால் தடை வந்துவிடும். ஜேர்மனியரான ஜோர்ஜ் சைமன் ஓம் 1827இல் நூலாக வெளியிட்ட விதி இது.

அப்படியானால் இரண்டு மானிகளை மாட்டி, வகுத்துவிட்டால் வேலை முடிந்ததே? அங்கேதான் சிக்கல். பிள்ளையின் பாலில் சூடு பார்க்கக் குளிர்ந்த கரண்டியைப் போட்டால் பாலே சற்று ஆறிவிடுகிறதல்லவா? வோல்ற்றுமானியும் அப்படித்தான். தான் அளப்பதற்காகக் கொஞ்சம் ஓட்டத்தைத் தானே குடித்துவிடும். அம்பியர்மானியோ தன் தடையையும் வழியில் சேர்த்துவிடும்.

மகளிடம் பழைய கடைத் தராசை நினைத்துப் பார்க்கச் சொன்னேன். அதன் முள் எத்தனை இறாத்தல் என்று சொல்வதில்லை. சமமா, இல்லையா என்பதை மட்டும்தான் சொல்லும். நிறையைச் சொல்வது மற்றத் தட்டில் உள்ள படிக்கல்.

மீற்றர்ப் பாலமும் ஒரு தராசுதான். பற்றரியிலிருந்து வரும் ஓட்டம் இரண்டு வழியாகப் பிரிந்து மறுபடி சேர்கிறது. ஒரு வழியில் தெரியாத தடையும் தெரிந்த தடையும் அடுத்தடுத்து இருக்கின்றன. மற்ற வழியில் ஒரே பருமனான 1 மீற்றர்க் கம்பி. இரு தடைகளும் சந்திக்கும் இடத்திலிருந்து கல்வனோமானி வழியாக ஒரு வயரை எடுத்து, அதன் முனையால் கம்பியை இடம் மாற்றி மாற்றித் தொடுகிறோம். ஓரிடத்தில் முள் பூச்சியத்தில் நிற்கும். இரு பக்க அழுத்தமும் அங்கே சமம். தெரிந்த தடை 10 ஓம், தெரியாததன் பக்கம் 60 சென்ரிமீற்றர், மற்றப் பக்கம் 40 என்றால், 60ஐ 40ஆல் வகுத்துப் பத்தால் பெருக்குங்கள். 15 ஓம்.

பற்றரி சற்றுக் களைத்திருந்தாலும் விடை மாறாது. முள் அசையாதபோது கல்வனோமானி ஓட்டம் எதையும் குடிப்பதுமில்லை.

இந்த ஏற்பாட்டை 1833இல் முதலில் விவரித்தவர் சாமுவேல் ஹன்ரர் கிறிஸ்ரி. பத்து வருடங்களுக்குப் பின், 1843இல், சார்ள்ஸ் உவீற்ஸ்ரன் அதைப் பரவலாக்கினார். மூலம் கிறிஸ்ரியுடையது என்று அவரே ஒப்புக்கொண்டும், 'உவீற்ஸ்ரன் பாலம்' என்ற பெயர்தான் ஒட்டிக்கொண்டது. ஊரில் சமைத்தவள் ஒருத்தி, பரிமாறியவள் பெயர் வாங்குகிற கதைதான்!

செய்முறைக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஒன்று: தொடும் முனையைக் கம்பியில் இழுக்கக் கூடாது, கம்பி தேய்ந்து பருமன் மாறிவிடும். விடை வந்ததும் இரு தடைகளையும் இடம் மாற்றி இன்னொரு முறை பாருங்கள். தராசில் சந்தேகம் வந்தால் படியையும் பொருளையும் தட்டு மாற்றிப் போடுவோமே, அதேதான்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, அவளுடைய சட்டையை எடுத்து அயன் பண்ணத் தொடங்கினேன். இரண்டு வாரமாக அந்த அயன் கையில் இலேசாகச் 'சுர்' என்றுகொண்டிருந்தது. இறப்பர் செருப்புப் போட்டால் தெரியாது என்று ஓட்டிக்கொண்டிருந்தேன். விஞ்ஞானம் எழுதுகிறவளின் இலட்சணம்! கண்டதும் மகள் சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றிவிட்டாள்.

"இதுவும் தெரியாத தடைதானே சாச்சி. அளந்தீங்களா?"

நான் தலைகுனிந்தேன். அடுத்த நாள் பக்கத்து வீட்டு மின் வேலைக்காரத் தம்பி மல்டிமீற்றரோடு வந்தார். பிளக் கழற்றியபடியே, ஏர்த் ஊசிக்கும் அயனின் அடித்தட்டுக்கும் இடையே அளந்தார். ஒரு ஓம் அளவில் இருக்கவேண்டிய இடத்தில் தொடர்பே இல்லை. வயருக்குள் ஏர்த் அறுந்திருந்தது. அடுத்து லைவ் ஊசிக்கும் தட்டுக்கும் இடையே. அங்கே மீற்றர் எட்டவே முடியாத பெருந்தடை இருக்கவேண்டும். காட்டியதோ ஒன்றரை இலட்சம் ஓம்.

மகள் உடனே கணக்குப் போட்டாள். 230 வோல்ற்றை ஒன்றரை இலட்சத்தால் வகுத்தால் ஏறக்குறைய 1.5 மில்லியம்பியர். 'சுர்' அதுதான். உள்ளே காப்பு இன்னும் கெட்டுப்போயிருந்தால் நடுவில் மிஞ்சுவது நம் உடம்பின் தடை மட்டுமே. காய்ந்த தோல் பல ஆயிரம் ஓம் காட்டும். நனைந்த கையும் ஈரத் தரையில் வெறுங்காலும் என்றால் ஆயிரம் ஓமளவுக்கு இறங்கிவிடலாம். அப்போது 230 மில்லியம்பியர். வீட்டு ட்ரிப் சுவிட்சு 30 மில்லியம்பியர் கசிந்தாலே விழும்படி செய்யப்பட்டது என்பதிலிருந்து மீதியை ஊகித்துக்கொள்ளுங்கள். ஏர்த் நன்றாக இருந்தால் கசிவு அந்த வழியாக ஓடி, நாம் தொடுமுன்பே சுவிட்சை விழுத்தும். அறுந்திருந்தால் நம் உடம்புதான் வழி.

வயரை மாற்றினாலும் உள்ளே கசிவு இருக்கிறதே என்று அந்த அயனைக் கழித்துவிட்டோம். தம்பி போனபின் மகள் ட்ரிப் சுவிட்சில் 'ரெஸ்ற்' என்றிருந்த பொத்தானை அழுத்திப் பார்த்தாள். வீடு முழுக்க இருண்டது. சமையலறையிலிருந்து மாமி "கரண்ட் போயிட்டா?" என்று சத்தமிட்டார்.

"போகல்ல மாமி, வேலை செய்யுது" என்றேன்.