வேதியியல், இயற்பியலின் கிளைக்கடையா?

"வேதியியல் என்று தனியாக ஒன்றும் கிடையாது. எல்லாம் இயற்பியல்தான்." ப்ளஸ் டூவில் இயற்பியல் பிடித்துப்போன மாணவர்கள் பெரிய ஞானம் போலச் சொல்லும் வாக்கியம் இது. இதற்குப் பெரிய இடத்துச் சிபாரிசும் உண்டு. வேதியியல் முழுமைக்கும் தேவையான இயற்பியல் விதிகள் தெரிந்துவிட்டன, சமன்பாடுகளைத் தீர்ப்பதுதான் கஷ்டம் என்று 1929-ல் பால் டிராக் எழுதினார்.

இதில் பாதி உண்மை. எந்த வேதிவினையும் இயற்பியல் விதியை மீறுவதில்லை. ஆனால் 'மீறுவதில்லை' என்பதும் 'அதுவேதான்' என்பதும் ஒன்றா? கடிதம் இலக்கணத்தை மீறவில்லை என்பதற்காக, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று இலக்கணப் புத்தகத்தில் தேட முடியுமா?

ஸ்ரீமுஷ்ணத்து மாணவனுக்கு உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது, விருத்தாசலம் பீங்கான் சூளைகளில். சுடாத அகல் விளக்கைத் தண்ணீரில் போட்டால் கரைந்து மறுபடி களிமண்ணாகும். சுட்டது கரையாது. வெயிலில் போனது மண்ணின் இடுக்கில் இருந்த தண்ணீர். சூளையில் 500, 600 டிகிரி செல்சியஸை ஒட்டிப் போவது, கயோலினைட் கனிமத்தின் கட்டமைப்பிலேயே ஹைட்ராக்சிலாகப் பிணைந்திருந்தது. 1000 டிகிரியைத் தாண்டினால் முல்லைட் என்ற புதுப் படிகம் உருவாகத் தொடங்கும். எவ்வளவு வெப்பம் ஏறியது என்பது இயற்பியலின் கேள்வி. எந்தப் பொருள் போய் எந்தப் பொருள் வந்தது என்பது வேதியியலின் கேள்வி.

"அதையும் கணக்குப் போட்டுவிடலாம்" என்பார்கள். சரி, போடுவோம். இரண்டு கார்பன், ஆறு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன். ஒரு விதமாகக் கோர்த்தால் எத்தில் ஆல்கஹால், 78 டிகிரியில் கொதிக்கும். வேறு விதமாகக் கோர்த்தால் டைமெத்தில் ஈதர், மைனஸ் 24 டிகிரியிலேயே கொதித்துவிடும். துகள்கள் அதேதான். எனவே முழுமையான குவாண்டம் சமன்பாடும் இரண்டுக்கும் ஒன்றேதான்! அணுக்கருக்களை இன்னின்ன இடத்தில் என்று நிறுத்திவைத்த பிறகே (1927-ல் போர்னும் ஆப்பன்ஹைமரும் தந்த வழி) எலக்ட்ரான் கணக்கு தொடங்குகிறது. "இரண்டும் இரண்டு ஆற்றல் பள்ளங்கள்" என்று பதில் வரும். அந்தப் பள்ளங்களைத் தேடுவதற்கே கருக்களை நிறுத்திவைக்க வேண்டியிருக்கிறதே! மூலக்கூறின் வடிவம் என்பது, சமன்பாட்டுக்குள் வேதியியல் கொண்டுவந்து வைத்த சரக்கு.

சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் இயற்பியலில் பிஎச்.டி. வாங்கியவர். ரைபோசோமின் அமைப்பைக் கண்டதற்காக 2009-ல் அவருக்குக் கிடைத்ததோ வேதியியல் நோபல். கருவியான எக்ஸ்-கதிர் இயற்பியல் தந்தது. எந்த அணு எங்கே இருந்து என்ன வேலை செய்கிறது என்ற கேள்வி வேதியியலுடையது. இதில் யார் முதலாளி, யார் குமாஸ்தா?

இது வெறும் கௌரவச் சண்டை இல்லை. வேதியியலுக்கென்று சொந்தச் சிந்தனை கிடையாது என்று நம்புகிற மாணவன் அதை மனப்பாடப் பாடமாகத்தான் படிப்பான். சுட்ட அகல் ஏன் கரைவதில்லை என்று அவன் கேட்கவே மாட்டான்.