கலக்க விட்டார்களா முதலில்?

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் மென்பொருள் வேலை பார்க்கும் நண்பரின் மகன் விடுமுறைக்கு வந்திருக்கிறான். பந்தியில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்கிறான்: "துருக்கிக்காரங்க அறுபது வருஷமா அங்க இருக்காங்க அங்கிள், இன்னும் ஒட்டவே இல்ல." அவனுடைய மேலாளர் சொன்னாராம். பந்தியில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒட்ட விட்டார்களா? 1961 அக்டோபரில் மேற்கு ஜெர்மனி துருக்கியோடு ஒப்பந்தம் போட்டு ஆள் எடுத்தது. இஸ்தான்புல் அலுவலகத்தில் ஆண்களை உள்ளாடையோடு வரிசையில் நிறுத்தி, வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்து, சிறுநீரைச் சோதித்து, தேறியவர்களை மூனிக் ரயிலில் ஏற்றினார்கள். இரண்டு வருடத்துக்கு மேல் தங்கக் கூடாது. பழகிய ஆளை அனுப்பிவிட்டுப் புது ஆளுக்கு வேலை கற்றுக்கொடுப்பது முதலாளிகளுக்குக் கட்டுப்படியாகவில்லை. அதனால்தான் 1964-இல் அந்த வரம்பு போனது. ஆலை விடுதியில் கட்டில்மேல் கட்டில். நாடு முழுவதற்குமான அரசின் ஒருங்கிணைப்பு வகுப்பு வந்தது 2005-இல். 44 வருடம் பாடம் நடத்தாத வாத்தியார், பிள்ளை பெயில் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார்.

மொழி, பண்பாடு என்பதெல்லாம் சாக்கு. கஜகஸ்தானிலிருந்து வந்த ஜெர்மானியரைப் பாருங்கள். முன்னோர் 18-ஆம் நூற்றாண்டில் ரஷ்யப் பேரரசி கேத்தரின் அழைத்து வோல்காக் கரையில் குடியேறியவர்கள். 1941-இல் ஸ்டாலின் அங்கிருந்து விரட்டினார். பாடுபட்ட மக்கள், அவர்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் 1990-களின் தொடக்கத்தில் அந்தக் குடும்பத்துப் பிள்ளை ரஷ்ய மொழி மட்டும் தெரிந்து வந்து இறங்கினாலும் ஜெர்மன் குடிமகன். கொலோனில் பிறந்து, கொலோனில் படித்து, கொலோன் பேச்சிலேயே சண்டை போடும், ஃபோர்டு ஆலையின் துருக்கியத் தொழிலாளி மகன் அந்நியன். அங்கே பிறந்தாலும் பெற்றோரின் ரத்தம் பார்த்தே குடியுரிமை தந்தது 1913-ஆம் ஆண்டுச் சட்டம். 2000-இல் அதைத் திருத்தியபோதும், அங்கேயே பிறந்த துருக்கியப் பிள்ளை 23 வயதுக்குள் ஒரு குடியுரிமையைக் கைவிட வேண்டும் என்றார்கள். கஜகஸ்தானிலிருந்து வந்தவரிடம் யாரும் அப்படிக் கேட்கவில்லை. எல்லோருக்கும் இரட்டைக் குடியுரிமை என்பது 2024 ஜூனில்தான் வந்தது.

வாக்குரிமையும் இதே கதைதான். வெளிநாட்டவருக்கு உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்க ஹாம்பர்க் வழிசெய்தது. 1990-இல் அரசமைப்பு நீதிமன்றம் செல்லாது என்றது. இரண்டே வருடத்தில் ஐரோப்பியக் குடிமக்களுக்காக மட்டும் அரசமைப்பையே திருத்தினார்கள். நேற்று வந்த இத்தாலியருக்கு வாக்கு உண்டு, கஜகஸ்தானிலிருந்து வந்தவருக்கு உண்டு, அதே தெருவில் 30 வருடம் காய்கறிக் கடை நடத்தும் துருக்கியருக்கு இல்லை. ஊர்க்காரியத்தில் இவர்களுக்கு அக்கறையில்லை என்று புலம்பல் வேறு!

கலந்து வாழ்ந்தவர்களையாவது நம்பினார்களா? 2000 செப்டம்பரில் நியூரம்பெர்க்கில் சாலையோரம் பூ விற்ற துருக்கியர் ஒருவரைச் சுட்டுக் கொன்றார்கள். 2007 வரை பத்துக் கொலைகள். இறந்தவர்களில் எட்டுப் பேர் துருக்கி வம்சாவளியினர். போலீஸ் வருடக்கணக்கில் துருவியது அந்தக் குடும்பங்களைத்தான்: போதைப்பொருளா, கள்ளத்தொடர்பா, குடும்பப் பகையா என்று. பத்திரிகைகள் 'கபாப் கொலைகள்' என்று பெயர் வைத்தன. நவநாஜிக் கும்பலின் வேலை என்பது 2011-இல்தான் வெளியே வந்தது. பூ விற்றவர் அந்த நாட்டில் தொழில் நடத்தினார், பிள்ளைகளை வளர்த்தார். இன்னும் எதில் கலந்திருந்தால் அவர் மனைவியின் பேச்சைப் போலீஸ் நம்பியிருக்கும்?