நாய்க்குப் பின்கோடு தெரியுமா?

எழுதி ரொம்ப நாளாச்சு மக்களே. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. ஆனா இதை எழுதாம இன்னிக்குத் தூக்கம் வராது, அதனால கொஞ்சம் நீளமாவே புலம்பப் போறேன்.

காலேஜ் நண்பன் ஒருத்தன் சென்னையில புதுசா தொழில் ஆரம்பிச்சிருக்கான். ஊருக்குப் போறவங்க வீட்டு நாய், பூனையை அவங்க வீட்டுக்கே ஆள் அனுப்பிப் பார்த்துக்கற தொழில். சாப்பாடு வைக்கணும், வாக்கிங் கூட்டிட்டுப் போகணும், மருந்து இருந்தா கொடுக்கணும், சில வீட்டுல ராத்திரி தங்கணும். ஆள் தேவைன்னு விளம்பரம் போட்டான். முன்னூத்திச் சொச்சம் விண்ணப்பம் வந்து குவிஞ்சிடுச்சு. "மச்சி, நீ பொட்டி தட்டறவன்தானே, இதை வடிகட்ட ஒரு ஸ்கிரிப்ட் எழுதிக் குடுடா"ன்னான்.

அவன் கொடுத்த விதிகள் இதான்:

1. பின்கோடு 600-ல ஆரம்பிக்கணும்.
2. ஏதாவது ஒரு டிகிரி இருக்கணும்.
3. இங்கிலீஷ் பேசத் தெரியணும்.
4. போட்டோவுல "நல்ல குடும்பத்துப் பையன் மாதிரி" இருக்கணும்.

நாலாவதை ஸ்கிரிப்ட்ல எழுத முடியாதுடான்னேன். "அதை நான் பார்த்துக்கறேன்"னான். மொத்த விதியிலயும் நாயைப் பத்தி ஒரு வரி கூட இல்லைங்கறதை அன்னிக்கு நானும் கவனிக்கலை.

அரை மணி நேரத்துல எழுதி முடிச்சேன். சோதிச்சுப் பார்க்க என் விவரத்தையே போட்டேன். நிரந்தர முகவரி, பழவேற்காடு ஏரிக்கரையில ஒரு குப்பம். பின்கோடு 601. உடனே 'நிராகரிப்பு'ன்னு வந்துச்சு. சிரிச்சேன். அப்புறம் என்ன செஞ்சேன் தெரியுமா? விதியை மாத்தலை. என் முகவரியை மாத்தினேன். ஓ.எம்.ஆர்.ல நான் இருக்கற வாடகை வீட்டோட முகவரியைப் போட்டு, 'தேர்வு'ன்னு வந்ததும் திருப்தியா அனுப்பிட்டேன். இந்தப் பதிவுல வர்ற எல்லாத் திட்டும் முதல்ல எனக்குத்தான்.

பத்து நாள் கழிச்சு ஊர்லேருந்து ஒரு பையன் போன் பண்ணான். ப்ளஸ் டூ முடிச்சவன், அப்பா கூட ஏரிக்குப் போறவன். "அண்ணா, நாய் பார்த்துக்கற வேலைக்கு எழுதிப் போட்டேன், பதிலே வரலைண்ணா. நான் எதாச்சும் தப்பா எழுதிட்டேனா?"ன்னு கேட்டான். கம்பெனி பேரைக் கேட்டேன். நண்பனோடதுதான்.

இவனைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். ரெண்டு வருஷம் முன்னாடி கரையில திரியற நாய் ஒண்ணு இரை மாட்டின தூண்டில் முள்ளை முழுங்கிடுச்சு. வாயிலேருந்து நரம்பு தொங்குது. சுத்தி நின்ன பெரியவங்க எல்லாம் "இழுடா, இழுத்துடுடா"ங்கறாங்க. இவன் இழுக்க விடலை. "இழுத்தா உள்ள கிழிச்சிடும்"னு சொல்லி, நரம்பை அப்படியே விட்டு, சாக்குல சுத்தி மடியில வச்சு, பைக்ல பொன்னேரிக்குக் கொண்டு போனான். டாக்டர்கிட்ட கேட்டாலும் இதையேதான் சொல்வார். யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கலை. உயிரோட இருக்கற கழி நண்டைக் கடி வாங்காம கட்டிப் பழகின கை, எந்த ஜீவனை எங்க பிடிக்கணும், எப்ப விடணும்னு தெரியும். இவனைத்தான் என் ஸ்கிரிப்ட் ஒரே வரியில தூக்கிப் போட்டிருக்கு.

நண்பனைக் கூப்பிட்டுச் சண்டை போட்டேன். அவன் சொன்னதுலயும் நியாயம் இருக்கு, மறைக்க மாட்டேன். "டேய், கஸ்டமர் என்னை நம்பி வீட்டுச் சாவியைத் தர்றான். நாளைக்கு நகை காணாம போனா, நாய் செத்துப் போனா, நான்தானே பதில் சொல்லணும்?"

ஒத்துக்கறேன். வடிகட்டவே கூடாதுன்னு நான் சொல்லலை. கண்டிப்பா வடிகட்டணும். எதை வச்சுங்கறதுதான் கேள்வி. திருடாதவன்னு பின்கோடு சொல்லுமா? நாய் சாப்பிடலைன்னா என்ன பண்ணணும்னு பி.காம். சொல்லித் தருதா? இங்கிலீஷ் எதுக்கு, நாய் கூடப் பேசவா? :-)

"கஸ்டமர் எதிர்பார்க்கறான்டா"ன்னான். விஷயம் அங்கதான் இருக்கு. 'குப்பம்'னு எழுதியிருந்தா அவங்களுக்கு ஒரு மாதிரி இருக்கு. அந்த 'ஒரு மாதிரி'க்குத்தான் நாம பாதுகாப்புன்னு பேர் வச்சிருக்கோம்.

நான் ஏதோ உணர்ச்சிவசப்பட்டு உளர்றேன்னு நினைக்கறவங்களுக்கு: சுகதேவ் தோரட்டும் பால் அட்டெவெல்லும் 2007-ல எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லியில ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. பேப்பர்ல வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு, ஒரே மாதிரி தகுதி உள்ள விண்ணப்பங்களைப் பேரை மட்டும் மாத்தி அனுப்பினாங்க. உயர்சாதி இந்துப் பேரோட ஒப்பிட்டா, நேர்காணலுக்கு அழைப்பு வர்ற சாத்தியம் தலித் பேருக்குச் சுமார் மூணுல ரெண்டு பங்கு. முஸ்லிம் பேருக்கு மூணுல ஒரு பங்கு. பேரை வச்சே இவ்வளவுன்னா, 'குப்பம்'னு முடியற முகவரிக்கு என்ன மரியாதை கிடைக்கும்னு நீங்களே யோசிங்க.

"மனுஷன்தானே பாரபட்சம் பார்ப்பான், கம்ப்யூட்டர் பார்க்காதே"ன்னு நம்ம துறை ஆளுங்க கிளம்புவாங்க. அமேசான் அப்படித்தான் ஒரு மென்பொருள் எழுதிப் பார்த்துச்சு. பத்து வருஷ ரெஸ்யூமேக்களைக் கொடுத்தா, அது பொம்பளைங்க விண்ணப்பத்துக்கு மார்க்கைக் குறைக்கக் கத்துக்கிச்சு. கடைசியில தூக்கிப் போட்டுட்டாங்க, 2018-ல செய்தி வெளிய வந்துச்சு. அது தானாக் கத்துக்கிச்சு. என் ஸ்கிரிப்ட்டுக்கு நானே கையால எழுதிக் கொடுத்தேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொண்ணும் ஞாபகம் வருது. 2015 டிசம்பர்ல சென்னை முழுகினப்போ மீனவங்க படகை எடுத்துட்டு ஊருக்குள்ள வந்தாங்க. 2018-ல கேரளாவுலயும் அதேதான். மொட்டை மாடியில நின்னவங்க யாரும் "உங்க பின்கோடு என்ன, டிகிரி இருக்கா?"ன்னு கேட்டுட்டுப் படகுல ஏறலை. தண்ணி வடிஞ்சதும் கேள்வி ஆரம்பிச்சிடுது.

ஊரான் மேல மட்டும் கல்லெறிஞ்சா அது நேர்மை இல்லை. எங்க ஏரியிலயும் வடிகட்டி இருக்கு. பாடுன்னு ஒரு முறை. எந்த இடத்துல யார் எப்போ வலை போடலாம்னு சுழற்சியில பங்கு போட்டுக்கறது. சண்டை இல்லாம எல்லாருக்கும் நல்ல இடம் வருதுன்னு ஆராய்ச்சியாளர்கள் பாராட்டி எழுதியிருக்காங்க, அது நிஜமும்தான். ஆனா அந்த 'எல்லாரும்' யாரு? குறிப்பிட்ட குப்பத்துல, குறிப்பிட்ட சாதியில பிறந்த ஆம்பளைங்க. கையால தடவி இறால் பிடிக்கற இருளர் அக்காவுக்கு அந்த ஏரியை எங்களை விட நல்லாத் தெரியும். அவங்களுக்குப் பாடு கிடையாது. நாங்க பிறப்பை வச்சு வடிகட்டறோம், பட்டணத்துக்காரன் பின்கோடை வச்சு எங்களை வடிகட்டறான். ரெண்டும் ஒரே புத்திதான்.

சரி, குறை சொல்லிட்டுப் போனா ஆச்சா, என்ன பண்ணலாம்னு கேப்பீங்க.

முதல்ல, செஞ்சு காட்டச் சொல்லுங்க. ஷ்மிட்டும் ஹண்டரும் 85 வருஷ ஆய்வுகளைத் தொகுத்து 1998-ல எழுதினதுல, வேலையைச் செஞ்சு காட்டற சோதனை மேல இருந்துச்சு, படிச்ச வருஷக் கணக்கு ரொம்பக் கீழ. 2022-ல சாக்கெட் குழு அந்தக் கணக்கைத் திருத்தினப்போ, எல்லார்கிட்டயும் ஒரே கேள்விகளைக் கேக்கற நேர்காணல் முதல் இடத்துக்கு வந்துச்சு. அதனால ஒரு நாயோட ஒரு மணி நேரம் விடுங்க, அந்த ஒரு மணி நேரத்துக்குக் கூலியும் கொடுங்க. அப்புறம் எல்லார்கிட்டயும் ஒரே கேள்வி: நாய் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடலைன்னா என்ன பண்ணுவே? சங்கிலி அறுத்துட்டு ஓடினா? சித்திரை வெயில்ல எந்த நேரம் வாக்கிங்? திராட்சை, சாக்லேட், வெங்காயம் கொடுக்கலாமா?

ரெண்டாவது, முன்னாடி வேலை பார்த்த இடத்துல ரெண்டு பேர்கிட்ட போன் போட்டு விசாரிங்க. போலீஸ் சரிபார்ப்பு வேணுமா, எல்லாருக்கும் எடுங்க, அடையாறு பையனுக்கும் சேர்த்து. கேஸ் இருந்தா என்ன கேஸ்னு படிங்க. சாலை மறியல்ல உட்கார்ந்த கேஸும் திருட்டுக் கேஸும் ஒண்ணு இல்லை.

மூணாவது, இதை யாருமே பேசறதில்லை. வேலைக்கு வர்றவன் உங்களை வடிகட்ட வேண்டாமா? முன்கூட்டியே போடற ரேபிஸ் தடுப்பூசிக்கு யார் செலவு? உங்க நாய் ஏற்கனவே யாரையாவது கடிச்சிருக்கா, அதுக்கு ஊசி போட்டிருக்கா? கடிச்சா ஆஸ்பத்திரிச் செலவும் அந்த நாள் சம்பளமும் உண்டா? நண்பன்கிட்ட இதைக் கேட்டேன். "அதை இன்னும் யோசிக்கலைடா"ன்னான். பின்கோடை மட்டும் முதல் நாளே யோசிச்சிருக்கான் பாருங்க.

ஸ்கிரிப்ட்லேருந்து அந்த வரியை எடுத்துட்டேன். விலக்கின விண்ணப்பங்களையும் சேர்த்து, மேல சொன்ன கேள்விகளோட அவனுக்குத் திரும்ப அனுப்பியிருக்கேன். "பார்க்கறேன்டா"ன்னு ஒரு வார்த்தை வந்திருக்கு, அவ்வளவுதான். பையனுக்கு நானே போன் பண்ணி, "நீ எதையும் தப்பா எழுதலைடா தம்பி, தப்பா எழுதினது நான்தான்"னு சொன்னேன். அவனுக்குப் புரியலை. "பரவால்லண்ணா, வேற ஏதாச்சும் இருந்தா சொல்லுங்க"ன்னு வச்சிட்டான்.

அந்த 'பரவால்லண்ணா'தான் ரெண்டு நாளா காதுல கேட்டுக்கிட்டே இருக்கு.

டிஸ்கி: உங்க வீட்டு நாயைப் பார்த்துக்க ஆள் தேடறீங்கன்னா, முதல்ல அவனை நாய்கிட்ட கூட்டிட்டுப் போங்க. ரெஸ்யூமேவை அப்புறம் படிச்சுக்கலாம்.