மேடைக்கு மாதம் தெரிய வேண்டாமா?

ஒரு கல்யாண மேடையின் புகைப்படத்தைக் காட்டி, இது எந்த மாதம் எடுத்தது என்று கேட்டால் இன்று யாராலும் சொல்ல முடியாது. நிக்காஹ் மேடையோ முகூர்த்த மேடையோ, தை ஆனாலும் ஆனி ஆனாலும் அதே ஜெர்பரா, அதே கார்னேஷன், பின்னணியில் அதே பிளாஸ்டிக் பூச்சுவர். ஓசூர்ப் பக்கத்துப் பசுமைக்குடில்களிலிருந்து மாநிலம் முழுக்கப் பூ போகிறது. அது போதாத இடத்தைப் பிளாஸ்டிக் நிரப்புகிறது. இராமநாதபுரம் மாவட்டத்தில் மன்னார் வளைகுடாவைப் பார்த்தபடி இருக்கும் புதுமடம் போன்ற கடலோர ஊர்களும் இதற்கு விலக்கல்ல.

ஜப்பானின் இக்கெபானா மலர்க்கலையில் இது நடக்காது. கியோட்டோவின் ரொக்ககுடோ கோவிலில் புத்தருக்கு மலர் படைத்த துறவிகளிடமிருந்து வளர்ந்த கலை அது. அந்தக் கோவிலின் இக்கெனோபோ செங்கெய் அமைத்த மலர்களைப் பார்க்க நகரத்தார் போட்டி போட்டுக்கொண்டு வந்ததை 1462-ஆம் ஆண்டு நாட்குறிப்பு ஒன்று பதிவு செய்திருக்கிறது. புத்தாண்டுக்குப் பைன் கிளை, மார்ச் 3-க்குப் பீச் மலர், செப்டம்பர் 9-க்குச் சாமந்தி, இலையுதிர்காலம் வந்தால் சுசுகிப் புல் என்று ஒவ்வொரு பருவத்துக்கும் உரியது உண்டு. விரியாத மொட்டும், காய்ந்த இலையும், விதைக்கூடும்கூட அங்கே அலங்காரம்தான். சென்னையிலும் இந்தக் கலையைக் கற்றுத் தருகிறார்கள்.

ஆனால் பருவம் பார்த்துப் பூ வைக்க நாம் ஜப்பானுக்குப் போக வேண்டியதில்லை. மார்கழிக் கோலத்தின் நடுவே சாணிப் பிள்ளையாரும் பரங்கிப்பூவும், தை பிறக்கும் முன் வாசலில் கட்டும் காப்பில் கூரைப்பூவும் ஆவாரம்பூவும் வேப்பிலையும். அந்த மாதத்தில் அந்த மண்ணில் பூப்பதை எடுத்து, அதற்கென்று ஒரு வடிவத்தில் வைத்தார்கள். நிலத்துக்கே பூவின் பெயரை வைத்து, குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கிய மொழி இது. கடற்கரை நிலம் நெய்தலானதும் அப்படித்தான்.

இராமநாதபுரம் கரையில் பூவுக்குப் பஞ்சம் என்பவர்கள் வேலியைப் பார்ப்பதில்லை. பூவரசு காலையில் மஞ்சளாக விரிந்து மாலைக்குள் சிவந்துவிடும். புன்னை வெள்ளையாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கும். மழைக்காலத்தில் தாழம்பூ. ஆண்டு முழுக்கப் பனங்குருத்தோலை. தோரணம் பின்னத் தெரிந்த கைகளும் இன்னும் இருக்கின்றன.

மல்லிகையோ சொந்தச் சரக்கு. பாம்பன் பாலத்தைத் தாண்டினால் வரும் தங்கச்சிமடத்தின் நாற்றங்கால்களிலிருந்துதான் மல்லிகைப் பதியன்கள் பல மாவட்டங்களுக்குப் போகின்றன. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிக்கும் நாற்று இங்கிருந்தே. நவம்பர் கடைசியில் கவாத்து செய்த செடி மார்ச் வாக்கில் மொட்டு வைக்கும். கோடை முழுக்கக் கொட்டும். ஊருக்கே நாற்று கொடுக்கும் கரையில், கோடைக் கல்யாணத்துக்கும் பிளாஸ்டிக் மல்லிகை தொங்குவதை என்னவென்று சொல்வது?

குளிர்காலத்தில் மல்லிகை கிலோ ஆயிரங்களைத் தொடுமே, அப்போது என்ன செய்வது என்று அலங்காரக்காரர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கிடைக்காத மாதத்தில் அதையே தேடுவதுதான் செலவு. மல்லிகை இல்லாத டிசம்பரில் குருத்தோலையும் புன்னைக் கிளையும் மேடையேறலாம். இக்கெபானாவில் மூன்று கிளையும் சில பூக்களும் ஒரு கூடத்துக்குப் போதும். மேடை முழுவதையும் பூவால் மூட வேண்டும் என்பது நாமே போட்டுக்கொண்ட கட்டாயம்.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். மணல்மேட்டில் படர்ந்திருக்கும் அடும்பையும் ராவணன் மீசையையும் பறிக்கக் கூடாது. மணலைப் பிடித்து வைத்திருப்பவை அவைதான். மேடைக்கு வேண்டியதை நாமே வளர்க்கலாம்: பூவரசும் தாழையும் போத்து நட்டாலே பிடித்துக்கொள்ளும். அதற்குப் பள்ளி மதிலோரமும் கல்யாண மண்டப வளாகமும் போதும்.

பிளாஸ்டிக் பூவை மறுபடி மறுபடி பயன்படுத்தலாம் என்கிறார்கள். நிறம் வெளுத்த பிறகு அது எங்கே போகும்? கரையோர ஊரின் குப்பை காற்றோடும் ஓடையோடும் கடலில்தான் சேரும். இந்த மன்னார் வளைகுடாவில்தான் 21 தீவுகளும் பவளப்பாறைகளும் கொண்ட தேசியப் பூங்கா இருக்கிறது. 1986 முதல் பாதுகாக்கப்பட்ட பகுதி. பூச்செருகும் பச்சை நுரைக்கட்டியும் பிளாஸ்டிக்தான், நொறுங்கினால் நுண்துகள். பிரிட்டனின் ராயல் தோட்டக்கலைச் சங்கம் 2021 முதல் தன் கண்காட்சிகளில் அதைத் தடை செய்துவிட்டது. இக்கெபானாக்காரர்கள் அந்த இடத்தில் வைப்பது கென்சான் என்ற முள்தட்டு. கனமான உலோகத்தாலானது, ஒருமுறை வாங்கினால் பல காலம் உழைக்கும்.

தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்த 14 பொருள்களில் பிளாஸ்டிக் கொடிகூட இருக்கிறது, பிளாஸ்டிக் பூ இல்லை. 15-ஆவதாக அதைச் சேர்க்க வேண்டும். அதுவரை காத்திராமல், புதுமடம் அடங்கிய மண்டபம் ஒன்றியத்து அரசு விழா மேடைகளிலும் பள்ளி ஆண்டு விழாக்களிலும் அந்தந்த மாதத்து உள்ளூர்ப் பூவும் ஓலையும் மட்டுமே என்று மாவட்ட நிர்வாகம் இப்போதே ஒரு சுற்றறிக்கை அனுப்பலாம்.